கேளாதவரின் பங்கு

ஒரு வீடு ஏழை வீடா என்று கண்டுபிடிக்க, அஸ்வெசும என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது இலங்கை அரசாங்கம் 22 அளவுகோல்களை வைத்தது. படிப்பு, நோய், சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தில் எத்தனை பேர் என்று எல்லாம் அதற்குள் வந்தன. அதற்காகப் புத்தளம் மாவட்டத்து முந்தல் பக்கத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த நாட்களில், பென்சன் எடுத்த வாத்தியார் என்பதால் என்னிடம் யோசனை கேட்க ஆட்கள் வந்தார்கள். கரைவலை மீன் வாங்கிக் கருவாடு போட்டுப் பிழைக்கும் ஒரு அக்காவும் வந்தா.

“தம்பி, இந்த கேஸ் அடுப்பப் பாத்தா வசதியான வீடுன்னு எழுதிருவாங்களோ? எடுத்து ஒளிச்சு வைக்கவா?”

குவைத்துக்குப் போன மகள் அனுப்பிய காசில் வாங்கிய அடுப்பு அது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியதோடு அணைந்தது, பிறகு எரியவே இல்லை. அதன் மேல் உப்புப் போத்தலும் புளிச் சட்டியும் வைத்திருந்தா. சமையல் எல்லாம் பின்புறம் மூன்று கல் அடுப்பில், தென்னம் மட்டையிலும் சிரட்டையிலும். குளிர் நாட்டுக்காரருக்குப் பனிக்காலம் கஷ்டம் என்றால் நமக்கு மாரி. மட்டை நனைந்துவிட்டால் பற்றவைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். அந்தக் கொஞ்சமும் இப்போது காசு.

ஒளிக்க வேண்டாம் என்றேன். பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்க வாய் வரவில்லை. ஆனால் ஒரு மனுசி தன் வீட்டு அடுப்பைத் தானே ஒளிக்க நினைக்கிற நிலைக்கு வந்ததை அவளுடைய பாவக் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1979இல் அரிசிப் பங்கீட்டை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தபோதே மண்ணெண்ணெய் முத்திரையும் கூட வந்தது. அதற்கும் பெயர் பதிய வேண்டியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வெகுகாலம் மண்ணெண்ணெய் விலையையே தாழ்த்தி வைத்திருந்தார்கள். போத்தலை நீட்டியவருக்கெல்லாம் ஒரே விலை. உனக்கு என்ன வருமானம் என்று கடைக்காரர் கேட்டதில்லை. 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவோடு 87 ரூபா லீட்டர் 340 ரூபா ஆயிற்று. மலிவு எண்ணெயை டீசலில் கலந்து லாபம் பார்த்தவர்களும் இருந்தார்கள், அதனால் விலையை ஏற்றி, தேவைப்பட்டவருக்கு மட்டும் தனியாகக் காசு கொடுப்போம் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கரண்டும் அதே வழியில் போனது. மாதம் 30 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 105 ரூபாவாக இருந்த பில், அந்த ஓகஸ்டில் 360, 2023 பெப்ரவரியில் 1,300. பிறகு இறக்கினார்கள். இடைப்பட்ட மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் சில வீடுகளில் குப்பி விளக்கு திரும்பி வந்தது, விலை ஏறிய அதே எண்ணெயில்.

ஆக, கேட்காமல் கிடைத்த உதவி போய், கேட்டால் கிடைக்கும் உதவி வந்தது. பொருளாதாரக்காரர் இதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். எனக்கு இது சமயம் சார்ந்த கேள்வியாகவே படுகிறது. ஒருவர் தன் இல்லாமையை வாய்விட்டுச் சொன்னால்தான் கொடுக்க வேண்டுமா?

வள்ளுவர் இரவு என்று ஒரு அதிகாரம் எழுதிவிட்டு, அதை அடுத்தே இரவச்சம் என்று இன்னொன்றை வைத்தார். 106, 107. கேட்பதில் இழிவில்லை என்று ஆறுதல் சொன்னவரே, கேட்க அஞ்சுகிறவனின் மானத்தையும் பேசாமல் விடவில்லை. நம்முடைய கோயில் வழக்கமோ ஈகையை மட்டும் பிடித்துக்கொண்டது. ஆடியில் உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் போய்ப் பாருங்கள், அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் யாரும் ஒன்றும் விசாரிப்பதில்லை. அது பெரிய விஷயம். ஆனால் ஊர் ஊராக நம் கோயில் ஒலிபெருக்கிகளில் உபயகாரர் பெயர் முழங்குகிறது அல்லவா, அதுவும் நம் சமயம்தான். கொடுத்தவனுக்குப் புண்ணியம் என்று படித்துப் படித்து, கொடுப்பவனைத் தேடியே கண் போகிறது. அரசாங்கம் கொடுத்தாலும் யார் கொடுத்தார் என்று தேடுகிறோம். மந்திரி வந்தால் கும்பிடுகிறோம்.

இதில் கொடுப்பவர் யார்? அந்த அக்கா வாங்கும் சவர்க்காரத்தில் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் வற் வரி இருக்கிறது. அஸ்வெசும தொடங்கியபோது 2,500 ரூபாவிலிருந்து 15,000 வரை நாலு தரமாகக் கொடுத்தார்களே, அந்தப் பெட்டிக்குள் அவளுடைய காசும் கிடக்கிறது. தன் பங்கை எடுக்க வந்தவளை இரப்பவளாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

என்னோடு படிப்பித்த ஒரு மௌலவியிடம் இதைப் பேசினேன். ஸகாத் என்ற கடமைக் கொடையில் முதலில் எடை போடப்படுவது கொடுக்கிறவன் என்றார். 85 கிராம் தங்கத்தின் பெறுமதி ஒருவனிடம் ஒரு வருடம் தங்கினால் நாற்பதில் ஒரு பங்கு அவனுடையதல்ல, ஏழையின் உரிமை. தராசு அவன் வாசலில் தொங்குகிறது. மானத்தால் கேட்காமல் இருப்பவர்களை, பார்க்கிறவர் வசதியானவர் என்று எண்ணிவிடக்கூடியவர்களை, குர்ஆன் தனியாகவே சுட்டுகிறது என்றும் சொன்னார். நான் தலையாட்டி முடிப்பதற்குள், “ஆனா சேர், வாங்குறவங்களுக்கும் எட்டு வகைன்னு கணக்கு இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு அள்ளிக் கொடுக்கிற மார்க்கம் இல்லை” என்று பிரேக் போட்டார். சரிதான். பணம் அளவோடுதான் இருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே சண்டை நடந்தது. பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க அங்கே முதியவர்களுக்கு 1997 முதல் ஒரு கொடுப்பனவு உண்டு, முதலில் பணக்காரர் ஏழை எல்லோருக்கும். 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை வறியவர் உதவி பெறும் முதியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். கோடிக்கு மேல் இருந்த பெறுவோர் தொகை பதினைந்து லட்சமாகக் குறைந்தது. அந்த உதவிக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத கிழவன் கிழவிகள் அங்கே ஏராளம். கோடீஸ்வரரோடு சேர்த்து அவர்களையும் வெட்டியாயிற்று. ஒரு வருடத்துக்குள் ஊர் கொதித்து, ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு உட்பட்டவர்களுக்கு மறுபடி கொடுப்பதாக அறிவித்தார்கள். கேட்காதவர் முந்தலில் மட்டும் இல்லை.

இங்கே அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. தெரிவானோர் பட்டியலைப் பகிரங்கமாகப் போட்டு, யாரும் யார் மீதும் ஆட்சேபனை எழுதலாம் என்று விட்டார்கள். எழுதித் தரச் சொல்லி ஒருவர் என்னிடம் வந்தார். அந்த வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதாம். இருந்தது, பொய்யில்லை. நான் எழுதவில்லை. இன்றைக்கும் சந்தியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். தகுதியில்லாத பத்துப் பேர் வாங்கிவிட்டுப் போனாலும் போகட்டும், தகுதியுள்ள ஒருத்தி வெட்கப்பட்டு விடுபடக் கூடாது என்பதுதான் என் கட்சி. அதற்கு ஆகும் செலவை நட்டம் என்று எழுதாமல் மானத்தின் விலை என்று எழுதலாம்.

வழியும் இல்லாமல் இல்லை. மீட்டர் பார்க்க வருகிறவருக்கு எந்த வீட்டில் 30 யூனிட்டுக்குக் கீழ் எரிகிறது என்று படிவம் இல்லாமலே தெரியும். அந்த வீடுகளின் பில்லை இன்னும் தாழ்த்தினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆளில்லாத கடற்கரை பங்களாவுக்கும் அந்தச் சலுகை போய்ச் சேரும், கரண்டே எடுக்காத குடிசைக்குப் போகாது. தெரிந்துதான் சொல்கிறேன்.

கோயில்களாலும் ஏதாவது செய்ய முடியும். மதத்தலங்களுக்குத் தனிக் கரண்ட் கட்டணம் உண்டு. 2022இல் அதை ஏற்றியபோது பிக்குமாரே வெளிப்படையாக எதிர்த்தார்கள். திருவிழா அலங்கார லைட்டில் பாதியைக் குறைத்து, அந்தக் காசில் ஊரில் பத்து வீட்டின் கரண்ட் பில்லைக் கட்டுவோம், கொடுத்தவர் பெயரும் வேண்டாம், வாங்கியவர் பெயரும் வேண்டாம் என்று எங்கள் கோயில் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பொருளாளர் சிரிக்கவில்லை, யோசித்துத்தான் கேட்டார்: “பேர் வாசிக்காட்டி உபயம் யார் சேர் தருவா?”

முதல் பில்லை நான் கட்டுகிறேன் என்றேன். அவர் உடனே ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பெயர் எழுதப் போனார்.