பூட்டும் நம்பிக்கையும்

மகாராஷ்டிரத்துச் சனி சிங்கணாப்பூரில், களவாடுபவனைச் சனீஸ்வர பகவானே தண்டிப்பார் என்ற திடவிசுவாசத்துடன் வீடுகளுக்குக் கதவே வைக்காமல் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்ததையும், 2011-ஆம் ஆண்டில் பூட்டில்லாத வங்கிக் கிளையொன்று அங்கே திறக்கப்பட்டதையும் எண்ணும்போது, கார் ஷெட்டின் ஷட்டருக்கு இருபுறமும் பூட்டுப் போடுகிற நாம் தெய்வ நம்பிக்கையில் குறைந்தவர்களோ என்ற சந்தேகம் எழுவது சகஜமே.

நான் அவ்வாறு கருதவில்லை. மோட்டாரால் இயங்கும் கதவில், மின்சாரம் நின்றுபோனால் கையால் திறப்பதற்கென்று உட்புறம் தொங்குகின்ற கயிற்றை, மேலிடுக்கின் வழியே வளைந்த கம்பியொன்றை நுழைத்து வெளியிலிருந்தே இழுத்துவிடக்கூடும் என்று அறிந்திருந்தும், அதற்கு ஒரு மறைப்புத் தகடு பொருத்தாமலும், ஷெட்டிலிருந்து வீட்டினுள் செல்லும் கதவுக்குத் தாழிடாமலும் இருப்பவன், வறுமையால் மனந்தடுமாறி நிற்கும் ஒருவனுடைய பாவத்தில் தானும் சிறிது பங்கு கொள்கிறான் அல்லவா? அயலானைச் சோதனைக்கு உள்ளாக்காதிருப்பதும் ஒரு தர்மமே.

ஆயினும், களவாமையாகிய அஸ்தேயத்தை விதித்த பதஞ்சலி முனிவர் தேவைக்கு மேல் சேர்க்காமையாகிய அபரிக்கிரகத்தையும் யமங்கள் எனப்படும் அதே ஐந்து ஒழுக்க விதிகளுள் வைத்திருக்கிறார். எவருக்கும் பயன்படாமல் வருஷக்கணக்கில் ஷெட்டுக்குள் குவிந்து கிடக்கும் பண்டங்களையும் நம் பூட்டு காத்து நிற்பதற்கு அவரிடம் என்ன சமாதானம் சொல்வோம்?