கைவிட்ட பொருளும் விடாத கடமையும்

ஒருவர் செய்த பொருள் அவரது கையை விட்டு நீங்கியதும் அதுபற்றிய கடமையும் நீங்கிவிடுகின்றதா? மலையகத் தேயிலையை முன்வைத்துச் சிந்திப்போர்க்கு இவ்வினாவின் கனம் புலனாகும். ஹற்றனிலே பறித்த கொழுந்து தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, உலர்த்தப்பட்டு, 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விலைபோய், பிற தோட்டங்களின் தூளோடு கலந்து கடல் கடக்கின்றது. அருந்துபவர் செய்தவரை அறியார். செய்தவரும் அருந்துபவரை அறியார்.

அறியாதவர்பாலும் கடமையுண்டு என்பதை 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை நிலைநாட்டியது. ஸ்கொத்லாந்திலே ஒரு பெண் அருந்திய இஞ்சிப் பானப் போத்தலில் அழுகிய நத்தை இருந்ததென்பது முறைப்பாடு. பானத்தை விலைகொடுத்து வாங்கியவர் அவரல்லர், அவரது தோழியே. எனினும், அருந்துபவர்பால் உற்பத்தியாளருக்குக் கவனக் கடமை உண்டெனத் தீர்ப்பாயிற்று. நமது செயலால் எவருக்குத் தீங்கு நேரக்கூடுமோ, அவரே சட்டத்தின் கண்ணில் அயலவர்.

இக்கடமை தவறியவிடத்து எழும் நட்டஈட்டுச் சுமையைத் தாங்குவதே உற்பத்திப் பொருட்களுக்கும் முடித்து ஒப்படைத்த வேலைகளுக்குமான பொறுப்புக் காப்புறுதி. தீங்கை விலைபேசும் ஏற்பாடென அதனை இகழ்தல் முறையன்று. வசதியற்றவருக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பு வெறுங் காகிதமே. காப்புறுதியோ பாதிக்கப்பட்டவர் கையிற் பணத்தைச் சேர்க்கின்றது.

ஆயினும் அது பணச்சுமையை மாற்றுமேயன்றிக் கடமையை மாற்றாது. 2017 டிசெம்பரில், ஒரு பொதியிற் கப்ரா வண்டு காணப்பட்டதென ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தி, அம்மாதமே தடையை நீக்கியது. அவ்வண்டு தானியங்களை அழிப்பது. அருந்தியவர் எவரும் நோயுற்றார் என்பதன்று குற்றச்சாட்டு. எனினும் நாட்டின் தேயிலை முழுவதும் பழி சுமந்தது. பிறருக்கு நேர்ந்த காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடுசெய்யும் இக்காப்புறுதி, இழந்த நற்பெயரைப் பொதுவாக மீட்டுத் தருவதில்லை.

இனி, அயலவர் யார் என்னும் வினாவை மலையகத்துக்கே திருப்புவோம். அயல்நாட்டார் அருந்தும் கோப்பையிற் களைகொல்லியின் எச்சம் மிகலாகாதென ஆய்வுகூடங்கள் அளக்கின்றன. அது வேண்டியதே. ஆனால், அக்களைகொல்லியை முதுகிற் சுமந்து தெளிப்பவர் பொதுவாக இக்காப்புறுதியின் எல்லைக்குள் வாரார். அவருக்கென 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே உண்டு. ஆங்கிலேயர் காலத்திற் கட்டி முடித்த லயன் அறைகளிற் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. கட்டி ஒப்படைத்தோர் மறைந்தனர். கூரையின் ஒழுக்கு மறையவில்லை.

தொலைவிலுள்ளவர்க்குக் காட்டும் கவனத்தை அருகிலுள்ளவர்க்குக் காட்டாத அறம் குறையுடையது. தெளிப்பவருக்குக் கையுறையும், லயனுக்கு ஒழுகாத கூரையும் அளித்தபின் செலுத்தப்படும் காப்புறுதிக் கட்டணமே நேர்மையானது.