ஸகராத்து நேரத்தில் அருகில் இருப்பவர் யார்?

கேளம்பாக்கத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வஃபாத்தானார். நாம் போய்ச் சேர்ந்தபோது அவருடைய ஆண்மக்கள் மூவரும் கதவுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ரூஹு பிரிந்து அரை மணி நேரமாகியிருந்தது. அதைச் சொல்ல வெளியே வந்த நர்ஸிடம், "கடைசியில் அத்தா பக்கத்தில் யாரும்மா இருந்தது?" என்று மூத்தவர் கேட்டார். இருபத்து மூன்று வயதிருக்கும் அந்தப் பெண் தயங்கினாள். "நான்தான் சார் இருந்தேன். கையைப் பிடிச்சிக்கிட்டிருந்தேன். வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

பிள்ளைகள் ஆஸ்பத்திரியைக் குறை கூறினார்கள். நமக்கோ அந்தப் பெண்ணின் பதில்தான் நெஞ்சில் தைத்தது. சுவாசக் கருவியை இயக்கவும் மருந்துச் சொட்டுகளை எண்ணவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். மரணத் தறுவாயிலுள்ள ஒரு முஸ்லிமுக்கு என்ன தேவை என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? நாமல்லவா?

நம் ஃபிக்ஹு கிதாபுகள் இந்த நேரத்தைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன என்பதைப் பாருங்கள். இயன்றால் வலப்பக்கமாகக் கிப்லாவை நோக்கிப் படுக்க வைக்கவேண்டும். இயலாவிட்டால் மல்லாந்த நிலையில் பாதங்களைக் கிப்லாவின் பக்கம் வைத்துத் தலையைச் சற்று உயர்த்தவேண்டும். கலிமாவை அவர் காதில் விழும்படிச் சொல்லவேண்டும். "சொல், சொல்" என்று நெருக்கக் கூடாது. ஒருமுறை மொழிந்துவிட்டால், வேறு பேச்சுப் பேசினாலொழியத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வறண்ட வாயைத் தண்ணீரால் நனைக்கவேண்டும். ஷாஃபிஈ இமாம்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: கலிமாவை நினைவூட்டுபவர் வாரிசாக இல்லாதிருப்பது நல்லது. சொத்துக்காக அவசரப்படுகிறான் என்ற எண்ணம் அந்த நேரத்தில் நோயாளியின் மனத்தில் எழக்கூடாதாம். மனித மனத்தை எவ்வளவு அறிந்தவர்கள்!

இவற்றில் பாதிக்குமேல் தாதியின் கையில் இருப்பவை. கட்டிலைத் திருப்ப முடியுமா, தலையை எத்தனை உயர்த்தலாம் என்பது அவளுக்குத்தான் தெரியும். விழுங்க முடியாதவரின் வாயில் நாம் ஸம்ஸம் ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவளோ நனைத்த பஞ்சால் உதட்டையும் நாவையும் துடைத்துவிடுவாள். கிதாபு கேட்பதும் அதுதான்.

அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களை, பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் கிடத்தினார்கள். அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக இருக்கவேண்டுமென்பதே நோக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் சென்று விசாரித்தார்கள். அந்தக் காயத்தினாலேயே ஸஅது (ரலி) பின்னர் வஃபாத்தானார்கள். காயத்துக்குப் பணிவிடை செய்பவரும் அன்புள்ளவர்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். இன்று இருவருக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. கிருமி பரவும் என்ற காரணம் நியாயமானதே. நம்மவர்கள் நாற்பது பேர் திரண்டு போய் நிற்பதும் உண்மைதானே!

தாதியருக்கு இதைக் கற்பிக்க முடியுமா என்றால், கற்பிக்கிறார்கள். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் 'எல்நெக்' என்ற பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. நோவைத் தணிப்பது, குடும்பத்தாரிடம் பேசுவது, அவரவர் மதவழக்கத்தை அறிவது, இறுதி மணி நேரங்கள் என அதன் பாடங்கள் விரிகின்றன. தீவிர சிகிச்சைத் தாதியருக்கென்றே தனிப் பகுதியும் உண்டு. நம் அண்டையில், திருவனந்தபுரத்தில் 2003-இல் தொடங்கிய 'பாலியம் இந்தியா' மருத்துவர்களோடு தாதியருக்கும் நோவு தணிக்கும் பராமரிப்பைப் பயிற்றுவிக்கிறது. இனிக் குணமில்லை என்ற நிலையில் உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் வழிவகுத்து, 2023-இல் அந்த நடைமுறையை எளிதாக்கியது. அதன் ஷரீஅத் விளக்கம் தனியே எழுதவேண்டியது. ஒன்று மட்டும் இங்கே: அப்படி முடிவெடுக்கும்போது நேரம் ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அப்போதும் பிள்ளைகள் வெளியே நின்றால் யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

"மாற்று மதப் பெண்ணிடம் கலிமாவை ஒப்படைப்பதா?" என்று ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். ஒப்படைக்க வேண்டாம். அவள் மொழிய வேண்டியதில்லை. நேரம் நெருங்குவதை அறிந்து ஒருவரை உள்ளே அழைத்தால் போதும். அதற்கும் அவகாசமில்லையென்றால் மகனுடைய குரல் வரும் தொலைபேசியைக் காதருகே பிடித்தால் போதும். பேச்சு மூச்சற்றவருக்குக் கேட்குமா என்ற சந்தேகம் வேண்டாம். கனடாவில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மரண நேரத்தில் உணர்விழந்து கிடந்த சிலருடைய மூளை, ஒலிக்குப் பதில் காட்டியது பதிவாகியிருக்கிறது. இந்தப் பாடம் நமக்கு மட்டுமானதும் அல்ல. துளசி தீர்த்தம் கேட்கும் குடும்பமும், பாதிரியாரை அழைக்கச் சொல்லும் குடும்பமும் அதே கதவுக்கு வெளியேதான் நிற்கின்றன.

கேளம்பாக்கத்திலேயே செவிலியர் கல்லூரி இருக்கிறது. மைய்யித்தைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுக்க ஆண்டுதோறும் வகுப்பு நடத்தும் ஜமாஅத்துகள், உயிர் இருக்கும் அந்தக் கடைசி மணி நேரத்துக்காக ஒரு மணி நேரப் பாடம் சொல்லித் தர அனுமதி கேட்டு அங்கே போகலாமே! ஜனாஸாவுக்கு மட்டும் விரைவதா?

அன்று திரும்பும்முன் அந்தப் பெண் நம்மிடம் வந்து, "இனிமே உங்க ஆளுங்க வந்தா நான் என்ன செய்யணும் ஐயா?" என்று கேட்டாள். மேலே சொன்னவற்றை ஒரு தாளில் தமிழில் எழ்திக் கொடுத்து, அடியில் நம் தொலைபேசி எண்ணையும் குறித்தோம். நடுநிசியானாலும் அழைக்கலாம் என்றோம். இதுவரை இருமுறை அழைத்திருக்கிறாள்.