கீழ்ப்படிதலும் செல்வமும்: விவிலியம் எழுப்பும் ஓர் அறவினா

இறைவனுக்குக் கீழ்ப்படிந்து ஒழுகுபவன் இவ்வுலகிலே செழித்து வாழ்வான் என்னும் நம்பிக்கை மிகத் தொன்மையானது. அறத்துக்கும் ஆக்கத்துக்கும் இடையே தொடர்பு இருத்தல் வேண்டும் என மனித மனம் விழைவது இயல்பே. அறவோர் அல்லற்படுவதும் கொடியோர் கொழிப்பதுமே உலகநியதியாயின், அறத்தின் பக்கம் நிற்பது எதற்கு என்ற ஐயம் எழாதிராது. ஆயின் இந்நம்பிக்கைக்கு மறுபுறம் ஒன்றுண்டு. செல்வம் கீழ்ப்படிதலின் பயனெனின், வறியவன் யாவன்? அவன் கீழ்ப்படியாதவனா? இவ்வினாவுக்கு விவிலியத்திலே ஒரே விடையைத் தேடுதல் வீண். ஒன்றோடொன்று வாதிடும் விடைகள் அங்குள. அவற்றுட் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தை நோக்குவோம். இறைகட்டளையைக் கைக்கொண்டால் நகரத்திலும் வயலிலும் ஆசி உண்டு. மழை பருவந்தவறாது பெய்யும். இஸ்ரவேலர் பிறருக்குக் கடன் கொடுப்பாரேயன்றிக் கடன் வாங்கார் என அது கூறும். கைக்கொள்ளாவிடின் நோயும் வறட்சியும் பகைவர் படையெடுப்பும் வந்து சேரும். 68 வசனங்கள் கொண்ட இவ்வதிகாரத்தில் ஆசிக்கு 14 வசனங்களும் சாபத்துக்கு 54 வசனங்களும் அமைந்துள்ளன. இங்கு ஐயத்துக்கு இடமே இல்லைப் போலத் தோன்றும்.

ஆனால் வரலாறு இந்நூற்பாவுக்கு எளிதில் அடங்கவில்லை. யூதாவின் அரசருள் மிகக் கொடியவனாகச் சித்திரிக்கப்படும் மனாசே 55 ஆண்டுகள் ஆண்டான். அவனுடைய பேரன் யோசியாவோ, தனக்கு நிகரான அரசன் முன்னும் பின்னும் இலன் எனப் போற்றப்பட்டவன். கி.மு. 622 அளவில் ஆலயத்திலே கண்டெடுக்கப்பட்ட நியாயப்பிரமாண நூலைக் கேட்டுத் தன் ஆடையைக் கிழித்து, நாட்டின் வழிபாட்டையே சீர்திருத்தியவன். அந்நூல் உபாகமத்தின் மூலவடிவமாதல் வேண்டும் என்பர் ஆய்வாளர் பலர். அத்தகையவன் கி.மு. 609இல் மெகிதோவிலே எகிப்திய மன்னன் நேகோவை எதிர்கொண்டு 39 வயதில் மடிந்தான். இராஜாக்கள் நூலின் ஆசிரியர் இச்சாவுக்கு யோசியாவிடத்துக் குற்றமெதுவும் கூறாது செல்கின்றார். பின்னெழுந்த நாளாகமமோ மனாசே இறுதியில் மனந்திரும்பினான் என்றும், நேகோவின் வாயிலாக வந்த இறைவாக்கை யோசியா செவிமடுக்கவில்லை என்றும் காரணம் கற்பிக்கின்றது. நிகழ்ச்சி கோட்பாட்டுக்கு இசையாதபோது காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் மனப்பாங்கை இவ்விடத்துக் காண்கின்றோம்.

இம்மனப்பாங்கு கொடுமையாக மாறுவதை யோபு நூல் காட்டுகின்றது. மழை பெய்தால் நிலம் நனையும் என்பது உண்மை. அதனால், நனைந்த நிலமெல்லாம் மழையால் நனைந்தது என முடிவுகட்டல் தர்க்கவழு. யோபுவின் நண்பர் செய்தது இவ்வழுவே. துன்பம் பாவத்தின் விளைவு, யோபு துன்புறுகின்றான், எனவே அவன் பாவி. இம்முடிபுக்குச் சான்று வேண்டுமல்லவா? 22ஆம் அதிகாரத்திலே எலிப்பாஸ் அச்சான்றைத் தானே புனைகின்றான். யோபு விதவைகளை வெறுங்கையராய் அனுப்பினான், களைத்தவனுக்குத் தண்ணீர் கொடுத்திலன் என்றெல்லாம் கண்டறியாத குற்றங்களைச் சுமத்துகின்றான். ஆறுதல் சொல்ல வந்தவன் வழக்குத்தொடுப்பவன் ஆகின்றான். இறுதியில் இறைவனது சினத்துக்கு ஆளாவோர், இறைநீதியைக் காப்பதாக எண்ணிப் பேசிய இந்நண்பரே. சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட 18 பேரும் ஏனையோரினும் பெரும்பாவிகள் அல்லர் என்று இயேசு கூறியதும் இவ்வழுவைக் கண்டித்தேயாம்.

ஆயினும் யோபு தன் உடைமையை இருமடங்காகத் திரும்பப் பெற்றானே. அது பழைய கோட்பாட்டுக்கே வெற்றியன்றோ என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. நூலின் தொடக்கத்திலே சாத்தான், யோபு பயன் கருதாமலா இறைவனுக்கு அஞ்சுகின்றான் எனக் கேட்கின்றான். யோபு தன் நேர்மையைக் கைவிடாது நின்றது, திரும்பப் பெறுவான் என்ற உறுதி சிறிதும் இல்லாத நிலையிலே. ஆகவே சாத்தானின் வினாவுக்கு விடை, ஆடுகள் வந்து சேருமுன்னரே கூறப்பட்டுவிட்டது. மேலும், 7,000 ஆடுகள் 14,000 ஆயின. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. பிள்ளைகளோ முன்போலவே எழுவர் ஆண்களும் மூவர் பெண்களுமே. மாண்டவர் மீண்டிலர். எந்த ஈட்டினாலும் நிறைவுறா இழப்பு ஒன்றுண்டு என்பதை இக்கணக்கே உணர்த்துகின்றது.

அவ்வாறாயின் உபாகமத்தின் வாக்குறுதி பொய்யா? அதே நூலின் 15ஆம் அதிகாரத்தை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். ஏழாண்டுக்கொருமுறை கடனை விடுதலை செய்க என்கிறது அது. விடுதலை ஆண்டு அண்மிவிட்டதென எண்ணி ஏழைக்குக் கடன் மறுப்பதையும் பாவமென்கின்றது. வயலிலே மறந்துவிட்ட அரிக்கட்டு அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது 24ஆம் அதிகாரம். கீழ்ப்படிதல் எனப்படுவதன் பெரும்பகுதி இத்தகைய கட்டளைகளே. அவற்றை ஒரு சமுதாயம் முழுமையாகக் கைக்கொள்ளின் அங்கு வறுமை குன்றுவது இயல்பு. வாக்குறுதி தனிமனிதனின் பணப்பைக்கன்று, நீதியோடு வாழும் சமுதாயத்துக்கே உரைக்கப்பட்டது.

இதனை மறந்தமையின் விளைவுகளை வரலாற்றிலே காணலாம். கல்வினியருள் தொழில்வெற்றி இறைவனால் தெரிந்தெடுக்கப்பட்டமைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டமையை மாக்ஸ் வெபர் 1904-1905இல் வெளியிட்ட ஆய்விலே விளக்கினார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே வளர்ந்த செழிப்புப் போதனையோ, காணிக்கை இடுபவனுக்குச் செல்வம் பெருகும் என வெளிப்படையாகவே கூறிற்று. இவற்றால் செல்வனுக்குத் தன்னிறைவு கிட்டுகின்றது. வறியவனுக்கோ வறுமையோடு பழியும் சேர்கின்றது. அவனை வறியவனாக்கிய அமைப்பைப் பற்றிய கேள்வி எழாமலே போகின்றது.

எனவே, கீழ்ப்படிதலுக்கும் செல்வத்துக்கும் தொடர்பே இல்லையென நாம் கூறவில்லை. அத்தொடர்பை எத்திசையில் நோக்குகின்றோம் என்பதே அறத்தின் வினா. நம்மை நோக்கிக் கூறப்படுங்கால் அது கடமையை உணர்த்தும். அயலானின் வறுமையை அளக்கப் பயன்படுங்கால் எலிப்பாஸின் குற்றச்சாட்டாகும். வறியவன் நம்முன் நிற்கும்போது, அவன் செய்த தவறு யாதெனத் தேடுவதை விடுத்து, நாம் கைக்கொள்ளாத கட்டளை யாதென வினவுவதே வேதத்தை நேர்மையுடன் படிப்போர்க்கு அழகாகும்.