கடல் கடந்த தொண்டும் இல்லத்துக் கடமையும்

பிறர் துயர் துடைக்க அயல்நாடு செல்வது சிறந்த அறம் என்பதில் ஐயமில்லை. பெற்றோரைப் பேணுவதும் அத்தகையதே. இவ்விரண்டும் ஒரே காலத்தில் ஒருவனை அழைக்குமாயின் எதனைக் கொள்வது, எதனை விடுவது? தொண்டுக்கெனப் பயணம் புறப்பட முற்படுவோன் முதற்கண் தெளிய வேண்டிய வினா இதுவேயாகும்.

மராட்டிய நாட்டில், சோலாப்பூர் ஜில்லாவில், பீமா நதிக்கரையில் உள்ளது பண்டரிபுரம். தாய் தந்தையர்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், வாயிலில் வந்து நின்ற கண்ணபிரானைக் கண்டும் அப்பணியை நடுவில் விட்டு எழவில்லை. நிற்பதற்கு ஒரு செங்கல்லை இட்டுக் காத்திருக்கச் செய்தான் என்பது அத்தலத்து வரலாறு. பகவான் அதனைக் குற்றமாகக் கொள்ளாது, இன்றளவும் அச்செங்கல்லின்மீதே நின்று ஸேவை ஸாதிக்கின்றான்.

அதே சோலாப்பூரில் 1910-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ். ஜப்பானியப் படையெடுப்பால் சீனம் அல்லலுற்ற காலத்தில், 1938-ஆம் ஆண்டு, இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அந்நாட்டிற்கு அனுப்பியது. மேற்படிப்பிற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த கோட்னிஸ் அதனை விடுத்து, வீட்டாரின் அனுமதியை வேண்டிப் பெற்று, அவர்களுடன் கப்பலேறினார். அவர் சீனத்தில் இருக்கையிலேயே தந்தையார் காலமானார். செய்தி எட்டியும் அவர் திரும்பவில்லை. சீன மொழியைக் கற்றார். போரில் காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்தார். அந்நாட்டு மாணவர்க்கு மருத்துவமும் போதித்தார். 1942 டிசம்பரில், தமது 32-ஆம் வயதில், அங்கேயே உயிர் நீத்தார். ஐவருள் தாயகம் திரும்பாதவர் அவர் ஒருவரே.

புண்டலீகன் செய்தது அறமெனில், கோட்னிஸ் செய்தது பிழையாகுமோ? அன்று. இருவரும் தத்தம் நலனை நாடினாரல்லர். ஏற்ற பணியை நடுவில் விட்டவருமல்லர். ஒருவன் பெற்றோரின் திருவடியை விட்டு எழவில்லை. மற்றவர் காயமுற்றோரின் அருகை விட்டு அகலவில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தந்தையின் இறுதிக் காலத்தில் உடனிருக்க வேண்டிய கடன் தீராமலே நின்றது. புகழ் எத்துணை வளரினும் அக்கடன் தீர்ந்ததாகாது. தொலைநாட்டுத் தொண்டிற்கு ஒரு விலை உண்டு. அதில் ஒரு பங்கைச் செல்பவன் தருவதில்லை. இல்லத்தில் இருப்போரே தருகின்றனர்.

1970-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை தன்னார்வத் தொண்டர்களுக்கென ஓர் அமைப்பை நிறுவியது. அதன் வாயிலாகவும் வேறு அமைப்புகள் வாயிலாகவும் இன்றும் பலர் அயல்நாடுகளுக்குச் செல்கின்றனர். பாஸ்போர்ட்டு, உடற்பரிசோதனை ஆகியவற்றை முடித்து, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடாயின் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே தடுப்பூசியும் போட்டுக்கொள்கின்றனர். உடலுக்கு இத்துணை ஏற்பாடு வேண்டுமெனில் உள்ளத்திற்கு வேண்டாமோ?

தன் இடத்தில் நின்று பெற்றோரைக் காப்பார் யார் என்று அவன் ஆராய வேண்டும். ஒருவரும் இலரெனில் அவனுக்குரிய தொண்டு அவ்வில்லத்திலேயே உள்ளது. செல்லாமைக்கு அவன் நாண வேண்டுவதில்லை. உடன்பிறந்தார் அச்சுமையை ஏற்பராயின், அவர்களும் தன் தொண்டில் பங்காளிகள் என்று அறிந்து கைகூப்பி விடை பெறுதல் வேண்டும். சென்றடையும் நாட்டில், தான் கொடுப்பவன், அவர் பெறுபவர் என்னும் செருக்கு ஒழிய வேண்டும். அம்மக்களின் மொழியை மாணாக்கனாய் இருந்து கற்பதே அச்செருக்கை ஒழிக்கும் வழி. ஏற்ற காலம் முடியும்வரை நிலைத்து நிற்கும் உறுதியும் வேண்டும்.

புறப்படும் நாளில் பெற்றோரை வணங்கி எழுகையில், தியாகம் செய்வோன் தானென்று எண்ணாது, தியாகம் செய்வோர் அவர்களே என்று உணர்வானாயின், அவனுடைய ஆயத்தம் நிறைவுற்றதாகும்.