பந்தா? பாடமா?

விளையாட்டில் வல்ல இளைஞன் எக்கல்லூரியில் சேர்வது? ஆட்டத்தில் புகழ்பெற்றதிலா, அறிவில் புகழ்பெற்றதிலா? பந்தாடும் திறனுக்கே உதவித்தொகை வழங்கும் அமெரிக்காவில், ஆண்டுதோறும் எழும் கேள்வி இது.

உடல் உழைப்பை இழிவென்போர் அல்லர் நாம். வியர்வை கீழ்மை, ஏடே மேன்மை எனும் பழம்பேச்சு நமக்கு உடன்பாடன்று. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு, பந்து திறந்துவிட்ட கதவுகள் பல. மறுக்கவில்லை. ஆனால், கதவு திறந்தது. உள்ளே கிடைத்தது என்ன?

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைக் காண்போம். அங்கே 1993 முதல் 2011 வரை, கூடாத வகுப்புகளுக்கு மதிப்பெண் வழங்கப்பட்டது! 3,100 மாணவருக்குமேல் அவற்றில் சேர்க்கப்பட்டனர் என்றும், பதிவுகளில் ஏறத்தாழப் பாதி விளையாட்டு வீரருடையவை என்றும் கூறிற்று 2014-இல் வந்த விசாரணை அறிக்கை. வியர்வையை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளைக் கொடுத்தனர். வாணிபமன்றோ இது!

சிகாகோப் பல்கலைக்கழகமோ 1939-இல் தன் கால்பந்துக் குழுவையே கலைத்தது. 1942-இல், அதே திடலின் பார்வையாளர் மேடைக்கடியில், மனிதன் ஆக்கிய முதல் அணுத் தொடர்வினை நிகழ்ந்தது. ஆட்டம் அடியோடு ஒழிந்ததா? இல்லை, 1969-இல் மீண்டது. ஆனால் இன்று அங்கே ஆட்டத்திற்கென உதவித்தொகை கிடையாது. மாணவன் ஆடுகிறான், ஆடுவதற்காக மாணவனாக்கப்படவில்லை.

கல்லூரிக் கால்பந்து வீரருள், தொழில்முறைக் குழுக்களுக்குச் செல்வோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மற்றவர் வாழ்வுக்கு எது துணை?

எனவே இளைஞர்களே, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "என் முழங்கால் முறிந்த மறுநாளும் என்னை மாணவனாக மதிக்குமா இக்கல்லூரி?" மதிக்குமெனில், அங்கே படிக்கலாம், ஆடலாம், வெல்லலாம். மதிக்காதெனில், அது கல்லூரியன்று; காட்சிக் கொட்டகை!