அழைக்கப்படாத பெயர்கள்

முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் போட்டுக் கேட்பது ஆங்கிலம் பேசும் நாடுகளின் படிவ வழக்கம். ஜெர்மன் வழங்கும் நாடுகளின் பழைய மரபில் நடுப்பெயர் என்ற தனி வகை கிடையாது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு இரண்டோ மூன்றோ நான்கோ பெயர் இடுவார்கள். அத்தனையும் இட்ட பெயர்களே. அவற்றில் ஒன்று கூப்பிடும் பெயர். அது வரிசையில் முதலில்தான் வர வேண்டும் என்பதில்லை. அப்படியானால் யாரும் கூப்பிடாத மற்றப் பெயர்கள் எதற்கு? இதற்கு விடை சொல்ல வேண்டியது சமயம்.

இசையமைப்பாளர் மொசார்ட் 1756 ஜனவரி 27 அன்று பிறந்தார். மறுநாளே சால்ஸ்பர்க் பேராலயத்தில் ஞானஸ்நானம். பதிவேட்டில் லத்தீன் வடிவில் நான்கு பெயர்கள்: யோவான்னஸ், கிறிசோஸ்டமுஸ், வொல்ஃப்கங்குஸ், தியோஃபிலுஸ். முதல் இரண்டும் புனித யோவான் கிறிசோஸ்தோமுடையவை. அன்றைய திருவழிபாட்டு நாட்காட்டியில் ஜனவரி 27 அவருடைய திருநாள். மூன்றாவது தாய்வழிப் பாட்டனாரின் பெயர், நான்காவது ஞானத்தந்தையின் பெயர். வீட்டில் வழங்கியது மூன்றாவது. நான்காவதை அமதே என்ற வடிவில் அவரே கையெழுத்தில் சேர்த்துக்கொண்டார். பிறந்த நாளுக்குரிய புனிதரும், குடும்பமும், ஞான உறவும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பெயர் ஆளைச் சுட்டும் அடையாளம் மட்டுமே என்றால் ஒன்று போதும். இங்கே ஒவ்வொரு பெயரும் ஓர் உறவு.

கத்தோலிக்கத் திருச்சபை இதைப் போதனையாகவே வகுத்தது. திரெந்து பொதுச்சங்கத்தை அடுத்து 1566இல் வெளிவந்த ரோமை மறைக்கல்வி நூல், குழந்தைக்கு ஒரு புனிதரின் பெயரை இட வேண்டும் என்கிறது. பெயர் பெற்றவர் அந்தப் புனிதரைப் பின்பற்றவும், அவருடைய பரிந்துரையை நாடவும் அது தூண்டும் என்பது காரணம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னும் நுணுக்கமாக இருந்தது. பெற்றோர் கிறிஸ்தவப் பெயருக்கு இணங்காவிட்டால், பங்குகுரு ஒரு புனிதரின் பெயரையும் கூடச் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. ஊர் வாயில் ஒருபோதும் வராத பெயர்தான், திருச்சபையின் பார்வையில், அந்தக் குழந்தையை ஒரு பாதுகாவலரிடம் ஒப்படைக்கும் பெயர்.

சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் ஜெனீவா இதை மறுத்தது. 1546இல் ஒரு தந்தை தன் மகனுக்குக் குளோத் என்று பெயரிடக் கேட்டார். போதகரோ ஆபிரகாம் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கோயிலுக்குள்ளேயே சச்சரவு மூண்டது. குளோத் அந்த வட்டாரத்தார் யாத்திரை போய் வணங்கிய புனிதர். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே புனிதர்களுக்கு இடமில்லை என்ற கொள்கை, தொட்டில் பெயர் வரை வந்தது. அந்த ஆண்டிலேயே நகர மன்றம் விலக்க வேண்டிய பெயர்களை வகுத்து ஆணை பிறப்பித்தது. கொள்கையில் முரண் இல்லை. ஆனால் தந்தையின் விருப்பத்தைக் கேட்காமலே மாற்றியது கொடுமைதான்.

லூத்தரன் குடும்பங்கள் இடைவழியில் சென்றன. புனிதர்களிடம் மன்றாடுவதை விட்டார்கள், பெயர்களை விடவில்லை. இசைக்கலைஞர்களான பாக் குடும்பத்தில் யோஹான் அம்ப்ரோசியுஸின் பிள்ளைகளில் யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் யாக்கோப், யோஹான் செபாஸ்டியன் என எல்லா ஆண்களும் யோஹான். அண்ணன் தம்பியைப் பிரித்துக் காட்டியது இரண்டாவது பெயரே. இன்றைய அமெரிக்கப் படிவத்தில் செபாஸ்டியன் நடுக்கட்டத்துக்குப் போய், அவர் வெறும் யோஹான் ஆகிவிடுவார்.

கணினிப் பதிவுகள் முதல் பெயரையே கூப்பிடும் பெயராகக் கொள்வதால், இத்தொல்லை ஜெர்மனியிலும் எழுந்தது. பல பெயருள்ளவர் பதிவு அலுவலகத்தில் அறிவித்து அவற்றின் வரிசையை மாற்றிக்கொள்ள 2018 நவம்பர் 1 முதல் சட்டம் இடம் தருகிறது. இந்த அறிவிப்பின் மூலம் புதுப் பெயர் சேர்க்க முடியாது, உள்ளதை நீக்கவும் முடியாது. எந்தப் பெயரை முன்னே நிறுத்துவது என்பது மட்டுமே அவர் கையில்.